எழுபத்திரண்டு தென்னை

என் சித்தப்பா மகன் ஆதர்ஷ் தன் பங்கு ஒரு ஏக்கரை மனைக்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் அடுக்குமாடி ஃபிளாட் வாங்கினான். கிணத்துக்கடவில் அதை ஒட்டிய ஏக்கர் என்னுடையது. எழுபத்திரண்டு தென்னை. நான் காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவன், நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கிருந்த மரியாதை அந்த மரங்களால் வந்தது.

போன வருடம் ஒரு காதுகுத்து விருந்தில் ஆதர்ஷ் போனை நீட்டினான்.

"நானும் இப்ப விவசாயந்தாங்ணா. டிராக்டர், உரம், விதைன்னு பல கம்பெனிப் பங்க ஒண்ணாச் சேத்து விக்கறாங்க. ஈடிஎஃப்னு பேரு. அமெரிக்கா மார்க்கெட்டு. வெள்ளை ஈப் பூச்சித் தொல்லை இல்ல, மரமேற ஆள் தேட வேண்டியதில்ல."

"பாருய்யா, சட்டைல மண்ணு ஒட்டாத விவசாயி!" என்றார் பெரிய மாமா. பந்தியே அவன் போனை வாங்கிப் பார்த்தது. பச்சையில் பதினெட்டு சதவீத லாபம். நிலத்தை விற்றவனுக்கு விவசாயி பட்டம். மருந்தடித்துத் தோலுரிந்த என் கையை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தேங்காய் வியாபாரி ஆசிப்பை வரச் சொன்னேன். ஒரு வருடக் காயை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு, பணத்தை முன்னாலேயே வாங்கினேன்.

"வெலை ஏறுனா அப்பறம் என்னையக் கேக்கக்கூடாதுங்க," என்றான் ஆசிப்.

எல்லாவற்றையும் அதே ஈடிஎஃப்பில் போட்டேன். ஆதர்ஷிடம் சொல்லவில்லை. அவனை முந்திய பிறகு சொல்வதாக இருந்தேன்.

கிணத்துக்கடவில் நல்ல மழை பெய்தால் போனைத் திறப்பேன். விவசாயம்தானே, ஏறும் என்று நினைத்தேன். இறங்கியிருக்கும். இப்படி நான்கு மழை. ஐந்தாவது மழையன்று என் மனைவி பிந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுல தேங்கா இல்லீங்களா?"

"இல்ல."

"கொப்பரை?"

"இல்ல."

"அப்பறம் எந்த ஊரு மழைக்கு இத நோண்டறீங்க?"

அதற்குப் பிறகுதான் தேங்காய் விலை ஏறியது. இரண்டு மடங்கு, பிறகு அதற்கும் மேல். ஆசிப்பின் ஆட்கள் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வந்து வெட்டினார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து காலையில் நின்று பார்ப்பேன்.

அப்படி ஒரு வெட்டு நாளில் ஆதர்ஷின் கார் வந்து நின்றது. லாரியில் ஏறிக்கொண்டிருந்த காயையே பார்த்தான்.

"அந்தப் பங்க நஷ்டத்துல வித்துப்போட்டேங்ணா. நிலத்த வித்த வருத்தத்துல வாங்கினது. சும்மா பீத்திக்கிட்டேன்." குரல் இறங்கியது. "உங்க காயப் பாத்தா வயிறு எரியுதுங்ணா. எவ்வளவு தேறும்?"

ஆசிப் லாரியின் அந்தப் பக்கம் இருந்தான். அவனுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"பரவால்ல கண்ணு, இந்த வருசம் நல்ல காசு."

ஆதர்ஷின் முகம் கறுத்தது. அந்த வருடம் என் தோப்பில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். நின்று ஆசை தீரப் பார்த்தேன்.