குழல் இல்லாத துவக்கு

இரஞ்சிதம் குசினியில் அரிசிமா டின்னுக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். முன்னறையில் பொலிஸ்காரர் தொப்பியை மடியில் வைத்தபடி கதிரை நுனியில் இருந்தார். அவருக்கு எதிரே அவளுடைய கணவனின் தம்பி இந்திரகுமார், சவரம் செய்யாத முகத்தோடு, சின்ன மேசையில் திறந்து கிடந்த மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணவன் மகாதேவன் முந்தாநாள் செத்துப்போனான். மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கில் வேலையில்லாதவர்கள் பதிகிற அலுவலகத்தில், வரிசையில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவன் எழும்பவில்லை. மாரடைப்பு என்று டொக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். நாளைக்கு ஸ்பிரிங்வேலில் எரிக்க வேண்டும். அதற்கிடையில் இந்தப் பொலிஸ்காரர். ஆள் இறந்தால் அவர் பெயரிலிருந்த அனுமதியும் முடிந்துவிடும், கைத்துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெட்டியைத் திறந்தபோதுதான் நெற்றியைச் சுருக்கினார். பிடி இருந்தது, தோட்டா போடுகிற உருளை இருந்தது, குழலை மூடுகிற உறையும் இருந்தது. உறைக்குள் வெறும் ஓட்டை. குழல்கள் இரண்டு என்று பதிவில் இருக்கிறதே, அவை எங்கே என்று கேட்டார்.

"அண்ணை எங்கையும் விட்டிட்டாரோ, மச்சாள்?" என்றான் இந்திரகுமார்.

"கிளீன் பண்ண எடுத்தவர். குசினியிலைதான் கிடக்கும். பொறுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் குசினிக்குள் வந்தாள். அது பொய். எடுத்தது அவள்.

மற்றத் துவக்குகளில் குழலைக் கழற்ற முடியாது, இதில் முடியும் என்பதற்காகவே மகாதேவன் அதை வாங்கினான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கருவிகள் கடைகிறவன். சுடுவதைவிடக் கழற்றிப் பூட்டுவதில்தான் அவனுக்கு ஆசை. சனிக்கிழமை கிளப்பில் கொஞ்சநேரம் சுட்டுவிட்டு வந்து, ஞாயிறு முழுக்கக் குசினி மேசையில் பத்திரிகை விரித்து அதோடு இருப்பான். கட்டைக் குழலை எடுத்துவிட்டு நீளக் குழலைப் பூட்டுவான். உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் விடலாம். அதை அளக்க மெல்லிய உருக்குத் தகடு ஒன்று இருந்தது. தகட்டைப் பிடிப்பது இரஞ்சிதத்தின் வேலை.

"மூச்சு விடாமல் பிடியும் பாப்பம்."

"தாலிக்கொடி செய்யிற ஆசாரி மாதிரியல்லோ கதைக்கிறியள்."

"இது தங்கத்தைவிடத் திறம்."

தகடு இழுபட்டும் இழுபடாமலும் வருகிற இடத்தில் குழலை நிறுத்தி, மேலே உறையைப் போட்டு, முனையில் சுரை என்கிற நட்டை அதற்கென்றே உள்ள சாவியால் இறுக்குவான். முதலில் அவன் சொல்லச் சொல்லப் பிடித்தவள் பிறகு சொல்லாமலே பிடித்தாள். மல்கிரேவில் பொங்கலுக்குக் கூடினபோது சனம் அவனைக் கவ்போய் என்று கூப்பிட்டு, குதிரையை எங்கே கட்டினீர் என்று கேட்டார்கள். அவனும் சிரித்தான்.

தொழிற்சாலையை மூடின பிறகு சிரிக்கவில்லை. கிளப்புக்கும் போகவில்லை. ஒருநாள் பின்னேரம் அவள் தையல் வேலையால் வந்தபோது, விளக்குப் போடாத குசினியில் துவக்கை முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். மேசையில் எண்ணெய்ப் போத்தல் இல்லை, துணி இல்லை. ஒரு தோட்டா மட்டும் நிமிர்ந்து நின்றது. அவள் விளக்கைப் போட்டு, தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டாள். ஓம் என்றான். அதைப் பற்றி அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

அடுத்தநாள் அவன் குளிக்கும்போது, சுரையைக் கழற்றிக் குழலைத் திருகி எடுத்தாள். மற்றக் குழலையும் சேர்த்துப் பழைய தலையணை உறையில் சுருட்டி மாவுக்குள் புதைத்தாள். அதற்குப் பிறகு அவன் பெட்டியைத் தொட்டதை அவள் காணவில்லை. தொடாதவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். குழல் இல்லாத துவக்கு சுடாது. அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை மாதமும் அவனை வீட்டில் தனியே விட்டு வேலைக்குப் போனாள். அவனுக்குப் பக்கத்தில் நித்திரை கொண்டாள்.

இப்போது ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் போதும், குழல் ஏன் மா டின்னுக்குள் என்று. பிறகு டொக்டர் என்ன எழுதினால் என்ன. மெல்பேர்ணில் இருக்கிற கொஞ்சத் தமிழ்ச் சனத்துக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற தாய்க்கும், மகாதேவன் தானாகச் சாக நினைத்தவனாகிவிடுவான்.

விரலில் துணி பட்டது. இழுத்தாள்.

தலையணை உறை அல்ல. மஞ்சள் பிளானல் துணி, அவன் துவக்குத் துடைக்கிறது. அவசரத்தில் அவள் ஒன்றாகச் சுருட்டிப் போட்டவை இப்போது தனித்தனியாகச் சுற்றி, இரண்டு பக்கமும் நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை அவிழ்த்தாள். எண்ணெய் மணந்தது. துரு இல்லை. ஒரு துணிக்கை மாகூட உள்ளே போயிருக்கவில்லை.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. துருப்பிடிக்க விட மனமில்லாமல் செய்தானா, ஒருநாளைக்குத் தேவைப்படும் என்று செய்தானா. திரும்ப அதே இடத்தில் வைத்தது அவளுக்காகவா. சுரைச் சாவி எப்போதும் அவனுடைய மேசை லாச்சியில்தான் கிடந்தது. எந்தப் பகலிலும் எடுத்துப் பூட்டியிருக்கலாம். அவள் நம்பிப் படுத்த டின் ஒருநாளும் அவனுக்கு மூடியிருக்கவில்லை.

கிடைத்துவிட்டதா என்று முன்னறையிலிருந்து இந்திரகுமார் கேட்டான். அவள் மற்றதையும் அவிழ்த்து, விரல்களை மட்டும் துடைத்துக்கொண்டு, இரண்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். பொலிஸ்காரர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படியான துவக்கைத் தான் கண்டதில்லை, முழுசாகப் பூட்டிப் பார்க்காமல் பொறுப்பெடுக்க முடியாது, வேண்டுமானால் கிளப்பிலிருந்து தெரிந்த ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார். இன்னொருவர் வந்தால் இன்னொரு கேள்வி வரும். இரஞ்சிதம் லாச்சியிலிருந்து சாவியையும் தகட்டையும் எடுத்துவந்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

தகட்டைப் பிடிக்க ஆளில்லை. இடது கைச் சின்னவிரலால் அதை அழுத்திக்கொண்டு மற்றக் கையால் குழலைத் திருகினாள். தகடு இறுகியதும் நிறுத்தினாள். உறையைப் போட்டாள். சுரையை இறுக்கினாள். உருளையைச் சுற்றிப் பார்த்தாள், எங்கும் உரசவில்லை. பொலிஸ்காரர் இலக்கத்தைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டார். கணவர் நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று சொன்னார். அப்படிச் சொன்னது சரியில்லையோ என்று நினைத்தவர் போலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கார் போன பிறகும் இந்திரகுமார் எழும்பவில்லை. அவளுடைய கையில் முழங்கைவரை அப்பியிருந்த மாவைப் பார்த்தான். பிறகு குசினிப் பக்கம் பார்த்தான்.

"ஒளிச்சு வைச்சது அண்ணைக்குத் தெரியுமோ?" என்றான்.

அவள் இழுத்துப்போட்ட கதிரையைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தாள்.

"ஹார்ட் அற்றாக்தானே, மச்சாள்."

"ஓம்."

"அப்ப அம்மாவுக்கு அதைச் சொன்னாக் காணும்."

டெலிபோன் அடித்தது. காலையில் பதிந்துவைத்த யாழ்ப்பாண ட்ரங்க் கோல். அங்கே பக்கத்து வீட்டு டெலிபோனடியில் தாயைக் கூட்டிவந்து இருத்தியிருந்தார்கள். இந்திரகுமார் எழுந்துபோய் எடுத்தான். லைன் தெளிவில்லை, கத்திக் கதைக்க வேண்டியிருந்தது. இரஞ்சிதம் குசினிக்குள் போனாள்.

"நெஞ்சுநோ அம்மா. இல்லை, கஷ்டப்படேல்லை. ஓம், சந்தோசமாத்தான் இருந்தவர்."

அந்தப் பக்கத்தில் கேட்கவில்லைப் போலும்.

"சந்தோசமாத்தான் இருந்தவர், அம்மா. சந்தோசமா."

மேசையில் மா சிந்திக் கிடந்தது. இரஞ்சிதம் உள்ளங்கை விளிம்பால் அதைக் கூட்டி மற்றக் கையில் ஏந்தினாள். டின்னுக்குள் திரும்பப் போடவில்லை, குப்பை வாளியைத் திறக்கவும் இல்லை. முன்னறையில் அவன் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கையை மூடிக்கொண்டு நின்றாள். விரலிடுக்கால் மா கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தில் விழுந்தது.