சொக்கம்மாள் சீமைக்குப் போன விதம்

1928ஆம் ஆண்டு ஆவணி மாதம், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்சந்தில் குடியிருந்த கெங்கம்மாவின் மகள் சொக்கம்மாள், கோபத்தில் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பினாள். மத்தி மலிவாகக் கிடைத்த மாதம் அது. சந்து முழுக்க மீன் வறுக்கும் புகை மண்டியிருந்ததால், அவள் எழும்பியதை அம்மா மட்டும்தான் பார்த்தாள். கெங்கம்மா துறைமுகத்தில் கப்பல் கரியைக் கூடையில் சுமப்பவள். மகள் மருத்துவப் பள்ளியில் படித்தாள். சேரியிலிருந்து அந்தப் பள்ளியின் வாசற்படியை மிதித்த முதல் பெண் அவள்தான். அன்று மாணவர்களுக்கு வைத்திருந்த பானையில் அவள் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டாள் என்று பானையைப் போட்டு உடைத்தார்கள். உடைத்ததோடு விடாமல், சில்லுகளை அவளையே பெருக்கவும் சொன்னார்கள். பெருக்கிவிட்டு வந்து அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதம் தரையை விட்டுவிட்டது. கெங்கம்மா புடவைத் தலைப்பைப் பிடித்து மகளை இழுத்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். இரண்டு வாய் உள்ளே போனதும் அவள் பழையபடி தரைக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு இது அடிக்கடி நடந்தது, ஏனென்றால் அந்தப் பள்ளியில் அவமானத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தீபாவளிக்குள் கூரை உயரம் போனாள். பொங்கலுக்குள் மாதா கோயில் கோபுரத்தைத் தொட்டுவிட்டு வந்தாள். சந்துக்காரர்கள் துணி காயப்போடும் கொடிகளைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டார்கள். துறைமுக அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, இவளைக் கப்பலோடு சேர்ப்பதா பறவையோடு சேர்ப்பதா என்று விசாரித்தார்கள். கெங்கம்மா மனுஷியோடு சேர்க்கச் சொன்னாள். அதற்குத் தங்களிடம் வழியில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறினாள். சீமைக்குப் போய் மேல்படிப்புப் படிக்க உதவும் சபை ஒன்று பட்டணத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் அது அவள் பெயரை எடுத்தது. ஸ்காட்லாந்தில் ஒரு கல்லூரி இடமும் கொடுத்தது. வண்ணாரப்பேட்டைத் தையல்காரர் அத்தாவுல்லா, குளிர்நாட்டு அங்கியை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கம்பளிப் போர்வையை வெட்டிக் கணுக்கால்வரை ஒன்று தைத்துக் கொடுத்தார். சொக்கம்மாள் வறுத்த கருவாட்டை முள்கரண்டியால் குத்தித் தின்னப் பழகினாள். அம்மை குத்திக்கொண்டாள். பெட்டி கட்டி முடிந்த பிறகு சபை கூப்பிட்டு அனுப்பியது. கப்பலில் அவளோடு ஒரே அறையில் வர எந்தக் குடும்பத்துப் பெண்ணும் சம்மதிக்கவில்லையாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். அவளுக்குப் பதிலாகத் தலைவரின் மருமகன் கப்பலேறினான். அவன் படிப்பைப் பற்றி எழுதி மையை வீணாக்க வேண்டாம். கல்லூரியோ ஐப்பசிக்கு மேல் காத்திருக்காது.

சொக்கம்மாள் பறந்தே போவதென்று முடிவு செய்தாள். வழி தவறாமலிருக்கக் கப்பல் தடத்தின் மேலேயே போவது என்று ஏற்பாடு. முதலில் திருவொற்றியூர்வரை பறந்து பார்த்தாள், சிரமமில்லை. அடுத்து எண்ணூர் கழிவரை போய்த் திரும்பும்போது காத்திவாக்கத்தில் இறங்கினாள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவளை உட்காரவைத்து, இறால் சுட்டுக் கொடுத்து, டாக்டரம்மா என்று கூப்பிட்டு, முட்டிவலிக்கு மருந்து கேட்டார்கள். பெண்ணுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதற்குமேல் ஒரு விரற்கடைகூட எழும்ப முடியவில்லை. டோல்கேட்வரை கட்டைவண்டியில் வந்து, மிச்சத்தை நடந்து, வீடு வந்து சேர்ந்தாள்.

கோபம் ஆறினால் கடலில் விழுவாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆகவே அவளை ஆறவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சந்து ஏற்றுக்கொண்டது. பக்கத்துவீட்டு எல்சி, விடிந்ததும் ஜன்னலருகே வந்து பானை உடைந்த கதையை முதலிலிருந்து சொல்வாள். அத்தாவுல்லா அங்கியின் ஒரு கையைக் குட்டையாக்கிக் கொடுத்தார். அவள் எதைக் கேட்டாலும் கடைக்காரர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். இவ்வளவு பாசமாக யாரும் யாரையும் எரிச்சல்படுத்தியதில்லை. கெங்கம்மாதான் இதில் சேரவில்லை. நாள் முழுக்கக் கரி சுமந்துவிட்டு வந்து மகளைச் சீண்ட அவளுக்கு மனம் வரவில்லை.

புறப்படும் நாளன்று காசிமேட்டுக் கரையில் சந்தே கூடியது. அங்கேதான் கெட்டது காரியம். வந்தவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டார்கள். எல்சி கட்டிக்கொண்டு அழுதாள். அத்தாவுல்லா அங்கியின் கையைச் சரிசெய்து எடுத்து வந்திருந்தார். யாரோ பூ வைத்தார்கள், யாரோ அதிரசம் ஊட்டினார்கள். சொக்கம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். கால் மணலில் புதைந்து நின்றது. பானையை நினைத்தாள், சபையை நினைத்தாள், அந்த மருமகனைக்கூட நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அன்றைக்குக் கிளம்பாவிட்டால் கல்லூரிக் கதவு திறந்திருக்கும்போது போய்ச் சேர வழியில்லை. வெயில் சாயத் தொடங்கியது.

கெங்கம்மா கூட்டத்தைப் பார்த்தாள். இவர்களில் யாருக்கும் மனசு வராது என்று தெரிந்தது. மகளுக்கு எது தாங்காது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? அந்த சபைக்காரனுங்க சரியாத்தான் சொன்னானுங்க. கரி தூக்குறவ வவுத்துல பொறந்தது கரிதான் தூக்கும். உனுக்கு எதுக்கு இந்தப் படிப்பு? நாளைக்கு எங்கூட கூடைய எட்துகினு வா."

சொக்கம்மாளின் அழுகை நின்றது. அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கெங்கம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. மறு நொடி மணல் தெறித்தது. கோபுர உயரம், கலங்கரை விளக்க உயரம் எல்லாம் கடந்து, பெட்டியும் கையுமாக அவள் தெற்கே திரும்பி மறைந்தாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கெங்கம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டாள். பெற்ற வாயால் இப்படிச் சொல்லித்தான் பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டுமென்று ஆக்கிவைத்தவன் எவனும் அந்தக் கரையில் இல்லை. அவர்களெல்லாம் அந்நேரம் எங்கோ மின்விசிறிக்கடியில் சுகமாக இருந்திருப்பார்கள்.

சேர்ந்துவிட்டதாகத் தகவல் எல்சிக்குத்தான் வந்தது. அம்மாவை விசாரித்து அதில் ஒரு வார்த்தை இல்லை. அத்தாவுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. சொன்னதெல்லாம் பொய்யென்று பெண்ணுக்கு எழுதிப் போடலாம், தானே எழுதுகிறேன் என்று வந்து நின்றார்.

"வேணாம் பாய்," என்றாள் கெங்கம்மா. "அவ திரும்பி வரவேணாமா? வர்ற வழிக்கும் அதானே வேணும்."

நான்கு வருடம் அவள் கரி சுமந்தாள். மகள் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்த நான்கு வருடத்தில் அவள் முடி முழுக்க நரைத்தது.

1934ஆம் ஆண்டு ஓர் ஆவணிக் காலையில் சொக்கம்மாள் வந்துசேர்ந்தாள். ஓடுகள் படபடக்க, அங்கியெல்லாம் உப்புப் பூத்து, வாசலுக்கு நேரே இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றாள். கெங்கம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நான்கு வருடமாகத் தொண்டையில் கிடந்தது முதலில் வந்தது.

"நான் சொன்னது பொய்டி."

"தெரியும்," என்றாள் மகள். "போவும்போது சூயஸு தாண்டுறதுக்குள்ளவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சும் கடல்ல வுழாம எப்டிடி பறந்த?"

"உன் வாயால அத்த சொல்ல வெச்சானுங்களே யம்மா. அந்தக் கோவத்துல."

அந்தக் கோபம் பிறகு இறங்கவேயில்லை. தண்டையார்பேட்டையில் அவள் வைத்தியசாலை வைத்தாள். டாக்டரம்மா ஒரு சாண் உயரத்தில் மிதந்து வந்துதான் நாடி பார்ப்பாள், பிரசவம் பார்ப்பாள். வந்தவர்கள் கட்டில்களுக்குக் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார்கள். கெங்கம்மா தினமும் மத்தியானம் சோறு எடுத்துப் போவாள். ஒரு சாண் தூக்கித் தட்டை நீட்டுவாள். மகள் அங்கிருந்தபடியே வாங்கிச் சாப்பிடுவாள்.