தூங்காத பையன்

...இல்லை, எட்டாவதாகவும் அவனை எடுக்கவில்லை, கூப்பிட்டது வேறு யாரையோ, கல்லூரிக் கூடைப்பந்துப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற ராத்திரி இது, ஒரு சுருட்டைமுடிப் பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறான், புது அணியின் தொப்பியை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போகிறான், இனி ஒன்பதாவது, பஃபலோ அணியின் முறை, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும், அந்தப் பெயர் நவம்பர் மாதத்திலிருந்தே லாயிட் ஹாஸ்கெட்டின் நாக்கு நுனியில்தான் இருக்கிறது, ஏமோஸ் டில்மன். போட்ட கணக்குப்படியே நடந்துவிட்டது. முதல் மூன்று பேருக்குள் போயிருக்க வேண்டிய பையன் வழுக்கி வழுக்கி இவர்கள் மடியிலேயே வந்து விழுந்துவிட்டான். சந்தோஷப்பட வேண்டாமா? அணி அலுவலகத்து அறையில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், மேஜையில் கோழி இறக்கைகளின் எலும்பு குவிந்து கிடக்கிறது, மேனேஜர் ரெனி கோவாக் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள், லாயிடின் கண் மட்டும் டிவியை விட்டு வர மறுக்கிறது. கேமராவுக்கு வேறு வேலையே இல்லையா, திரும்பத் திரும்ப ஏமோஸின் மேஜைக்கே போகிறதே... சுற்றிலும் காலி நாற்காலிகள், நடுவில் அவன், பக்கத்தில் மஞ்சள் உடுப்பில் அவன் அம்மா, மகனின் தொடையை அழுத்திப் பிடித்திருக்கிறாள், அவன் முழங்கால் ஆடாமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறாள். நவம்பரில் அந்தக் கால் ஆடவில்லை. அந்தப் பையனை லாயிட் பார்த்த மாதிரி இந்த நாட்டில் வேறு யாரும் பார்த்ததில்லை.

ஊர் ஊராய்ப் போய் ஆள் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. பந்து வைத்திருப்பவனை எல்லோரும் பார்ப்பார்கள், பந்து இல்லாதவனைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நெப்ராஸ்காவில் அந்தச் சின்னக் கல்லூரி, வெளியே குளிர் எலும்பைக் கடிக்கிறது, கடைசி வீச்சைக் கோட்டைவிட்ட பையன் ஒருவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான், மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள், ஏமோஸ் மட்டும் பந்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, வளையத்தின் அடியில் போய் நின்றுகொண்டான், அவன் எறிய எறிய இவன் எடுத்துக் கொடுத்தான், விளக்கை அணைக்கிறவரை. லாயிட் நேராக வெளியே வந்தார். இவன்தான், இவனேதான் என்று வண்டிக்குள் உட்கார்ந்து ரெனிக்குப் போன் போட்டார். அவள் சொன்னாள், "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க லாயிட். அவன் பக்கமே போகாதீங்க. எவனாவது கேட்டா அந்த விஸ்கான்சின் நெட்டைப் பையனைப் புகழ்ந்து தள்ளுங்க." அதொன்றும் புதிதில்லை, பிடித்ததைப் பழிப்பதும் பிடிக்காததைப் புகழ்வதும் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது, மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிக்கிறவன் முகத்தில் ஆசையைக் காட்டுவானா?

அதோடு விட்டிருக்கலாம். நெட்டையனைப் புகழ்ந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்... ஜனவரியில் ஒமாஹா அரங்கத்தில், கையில் ஆறிப்போன ஹாட் டாக், பக்கத்தில் ராங்கின், வேறொரு அணிக்கு ஆள் பார்ப்பவன், பழைய சிநேகிதன், மோப்பம் பிடிப்பதில் நாய் தோற்கும். "என்ன லாயிட், டில்மனுக்கு வலை வீசுறியா?" "அவனுக்கா? அட போப்பா. ஆட்டமெல்லாம் சரிதான். பையன் ராத்திரியில தூங்குறதில்லையாம், தலைக்குள்ள ஏதோ சரியில்லைன்னு பேசிக்கிறாங்க." "யார் சொன்னா?" "அவன் அறையில தங்கியிருக்கிற பையன்." அப்படி ஒரு பையனே கிடையாது. முழங்கால் என்று சொல்லியிருந்தால் டாக்டர் படம் பிடித்துப் பொய் என்று சொல்லிவிடுவார், கை மெதுவு என்றால் ஆட்டத்தைப் பார்த்தவன் சிரிப்பான், தூக்கத்தை எவன் சோதிப்பான்? கெட்டிக்காரப் பொய். ஆனால் அதை அவர் யோசித்தா சொன்னார்? முந்தின இரவு ஓட்டல் அறையில் ஹீட்டர் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டபடி விடியும்வரை விழித்துக் கிடந்தது அவரல்லவா, மனைவி ஜோன் செத்த நாளிலிருந்து இமை மூடாதது அவரல்லவா... தன் வியாதியை எடுத்து ஒரு சின்னப் பையனின் தலையில் வைத்துவிட்டு ஹாட் டாக்கைக் கடித்தார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள், இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாயிற்று. பிப்ரவரியில் அவன் மாத்திரை போடுகிறான் என்றார்கள், ஏப்ரலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறான் என்றார்கள். பேச அழைத்த ஒவ்வொரு அணியும் அவனிடம் முதலில் கேட்டது அதைத்தான், தூங்குறியா தம்பி, ராத்திரியில என்ன நினைப்பு வரும் தம்பி... "எந்தப் புண்ணியவான் கிளப்பினானோ, நமக்கு நல்லது" என்று ரெனி சிரித்தாள், லாயிடும் சிரித்தார். பக்கமே போகக்கூடாது என்பது திட்டம், அதனால் அவன் எப்படி இருக்கிறான் என்று இவர்களில் யாரும் போய்ப் பார்க்கவுமில்லை. மே மாதம் சிகாகோவில், தேர்வு முகாமின்போது, ஒரே ஒரு தடவை, லிஃப்டில் அவனும் இவரும் மட்டும். "எந்த மாடி சார்?" என்று கேட்டான். "நாலு." பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைச் சுற்றிக் கருப்பாக இருந்ததே, அது விளக்கின் நிழல்தானே? அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலாவது மாடியில் இறங்கிவிட்டார், இறங்க வேண்டியது ஏழில்.

"ரெனி, ஒரு நிமிஷம்," முதலாளி ஸ்ட்ரிக்லர்தான், இத்தனை நேரம் மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர், "அந்தப் பையனுக்கு மண்டைக்குள்ள கோளாறுன்னு என் கோல்ஃப் கிளப்புல கூடப் பேசிக்கிறான். எட்டு டீமும் வேணாம்னு விட்டிருக்கு. எட்டு பேரும் முட்டாளா?" ரெனியின் கை தேய்ப்பது நின்றது. "லாயிட், அவனைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க." நுணலும் தன் வாயால் கெடும், கெட்டுவிட்டுப் போகட்டும், வேலை போனால் போகட்டும், அந்த நாற்காலியிலிருந்து அவன் எழுந்தால் போதும். "அது பொய் சார்." "உனக்கெப்படித் தெரியும்?" "நான்தான் கிளப்பிவிட்டேன்." பிறகு ஸ்ட்ரிக்லர் மேஜையைத் தட்டினார். "யோவ்! கில்லாடிய்யா நீ! எட்டு பேர் கண்ணுலயும் மண்ணைத் தூவிட்டியே!" அறையே சிரித்தது, யாரோ முதுகில் அறைந்தார்கள், ரெனியும் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தாள். திட்டியிருக்கலாம், வெளியே போ என்று சொல்லியிருக்கலாம், அவமானத்தைத் தாங்கத் தயாராக வந்தவருக்கு இந்தக் கைதட்டலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "போனைப் போடுங்க லாயிட்," என்றாள் ரெனி, "உங்க பையன், நீங்களே சொல்லுங்க. நல்லா இருக்கானான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டை விரலைத் தூக்குங்க, பேரை அனுப்பிடறேன்."

காதுக்குள் மணி அடிக்கிறது, டிவியில் அவன் போன் இருட்டாகவே கிடக்கிறது, டிவி எப்போதும் பத்துப் பதினைந்து நொடி பின்தங்கித்தான் வரும்... இதோ, இப்போது வெளிச்சம். ஏமோஸ் அதைப் பார்க்கிறான். எடுடா, நல்ல சேதிதான், எடு. அவன் வேறு யாருடைய போனையோ பார்ப்பதுபோல் பார்க்கிறான், அம்மா முழங்கையால் இடிக்கிறாள், அவன் கை மடியைவிட்டு வரவில்லை. ஆடுகளத்தில் அடுத்து என்ன செய்வான் என்று சொல்லிச் சொல்லியே சோறு தின்ற மனிதருக்கு, ஒரு போனை எடுப்பானா மாட்டானா என்று தெரியவில்லை. நவம்பரில் பார்த்த பையன் இவன்தானா? காதில் திடீரென்று ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. "ஹலோ, நான் ஏமோஸோட அம்மா. பஃபலோவா? ஐயோ, நன்றி சார், நன்றி. அவன் பேசலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. பையன் சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு, அதான்..."

"எப்பலேருந்தும்மா?"

ஏன் அதைக் கேட்டோம்? ஜனவரிக்கு முன்னால் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், தன்னையறியாமல் உண்மையைச் சொன்னவன் என்று இருந்துவிடலாம், தப்பித்துவிடலாம், ஜனவரிக்கு முன்னால் என்று சொல்லும்மா... "என்ன சொல்றான்? நல்லா இருக்கானா?" என்கிறாள் ரெனி, எல்லோரும் லாயிடின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனில் அந்தத் தாய் யோசிக்கிறாள். டிவியில் அவள் கை இப்போதுதான் போனை நோக்கி நீளுகிறது.