ஓமீனுக்கு முன் ஒரு விளம்பரம்

கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைகிறவனை எங்கள் ஊர் நாய்கள்கூட மன்னிப்பதில்லை. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள், நாம் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில், நாம் கேட்க விரும்பிய குரலின் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஒருவன் வந்து நிற்கிறான். சோப்பு வாங்கு என்கிறான். பல் தேய் என்கிறான். அவனைப் பார்த்துக் குரைக்க எந்த நாயும் இல்லை. அன்று சபாரின் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். எங்களில் ஒருவராலும் அவனை வெளியேற்ற முடியவில்லை. ஏனென்றால் எங்கள் கைகள் வானத்தை நோக்கி இருந்தன.

இசிக்-குல் ஏரியின் தென்கரையில் எங்கள் ஊர். அங்கே எசென்குல் அண்ணன், சபார் தம்பி. மலையிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் அண்ணன் நிலத்தைத் தொட்டு, அங்குள்ள மதகின் வழியாகத் தம்பி நிலத்துக்குப் போகும். ஒரு கோடையில் அண்ணனின் முறை நாளில் தம்பி மதகைத் திறந்துவிட்டான். அண்ணன் மதகுக்குப் பூட்டுப் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு இருவரும் வேலிக்கு இருபுறமும் நின்று தத்தம் நாய்களிடம்தான் பேசினார்கள்.

"ஏ நாயே, பக்கத்து வீட்டுக்காரன் மாடு நம்ம புல்லை மேயுது, அவன்கிட்ட சொல்லி வை" என்பார் எசென்குல்.

"ஏ நாயே, மாட்டுக்குப் புல்லு எங்க கிடைக்கும்? நம்ம பக்கம்தான் தண்ணியே இல்லையேன்னு சொல்லு" என்பான் சபார்.

நாய்கள் இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு வேலியடியில் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. மனிதர்களைவிட முன்னேறிய இனம்.

இந்தப் பூட்டினால் உண்மையில் காய்ந்தவள் சபாரின் மருமகள் பெர்மெத். கணவன் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வீட்டின் பின்புறம் அவள் தன் கையால் நட்ட ஆப்ரிகாட் கன்றுகள் அந்த ஆண்டுதான் முதல் பிஞ்சு பிடித்திருந்தன. கிணற்று நீரை வாளியில் சுமந்து சுமந்து ஊற்றினாள். ஜூலை வெயில் வாளியைப் பார்த்துச் சிரித்தது. இலைகள் சுருளத் தொடங்கின. பிஞ்சுகள் உதிரத் தொடங்கின. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் அந்தத் தோட்டம் விறகு.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சகோதரர்கள் இருவரும் மறுத்துப் பேச அஞ்சுகிற ஒரே மனிதர், அவர்களுடைய தந்தையின் தம்பி தோகோன். நாரின் மலைக்கு அப்பால், செல்பேசிக் கோபுரம் எட்டிப்பார்க்காத சிற்றூரில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். வேனில் இடித்துப் பிடித்து, மலை தாண்டிப் போய், அவர் சமாதான ஆசி வழங்குவதைக் கைபேசியில் பிடித்தாள். கைபேசியில் இடமில்லை. திரும்பும் வழியில் அதை ஒரு காணொளித் தளத்தில் ஏற்றிவிட்டுக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டாள்.

ஊர்ப் பெரியவர் கல்மாத் நாள் குறித்தார். "கைபேசியில ஆசி வாங்கினா கையகல ஆசிதான் கிடைக்கும். பெரிய டிவில போடுங்க" என்று கட்டளையிட்டார். எசென்குல் தம்பி வீட்டு வாசற்படியை மிதித்தார். அதுவே பாதி சமாதானம் என்று ஊர் மகிழ்ந்தது. அவரோ உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சே ரொம்ப நாளாச்சு போல" என்றார். சபார் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "சில பேருக்குச் சுவர்தான் கண்ணுக்குத் தெரியும், மனுஷன் தெரியாது" என்றான்.

தரையில் தஸ்தர்கான் விரிக்கப்பட்டது. ரொட்டி, பொரித்த மாவுத்துண்டுகள், வெண்ணெய், ஜாம், தேநீர்க் கிண்ணங்கள். அந்த விரிப்பைச் சுற்றி அமர்ந்தோம். டிவியின் ரிமோட்டைப் பெர்மெத் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலோரம் நின்றாள்.

"அதை ஏம்மா நீ வச்சிருக்க? இங்க கொடு" என்றான் சபார்.

"இருக்கட்டும் மாமா, நானே பாத்துக்கறேன்."

"ஆசி வர்ற சாமான் ரொட்டிக்குப் பக்கத்துலதான் இருக்கணும்" என்று அதை வாங்கி விரிப்பின் நட்டநடுவில், ரொட்டி அடுக்கின்மேல் வைத்தான். பெர்மெத்தின் முகம் வெளுத்ததை நான் கண்டேன். காரணம் அப்போது விளங்கவில்லை.

கல்மாத் விதியைச் சொன்னார். "எல்லாரும் கையை ஏந்துங்க. பெரியவர் ஆசியை முடிச்சு ஓமீன் சொன்னதும் முகத்துல தடவிக்கிட்டு இறக்கணும். அதுக்கு முன்னால எவன் கை இறங்குதோ, அவன் சமாதானம் வேண்டாம்னு சொன்னதா அர்த்தம்."

இருபத்து நான்கு உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்தன. தேநீர்த் தட்டு ஏந்தியிருந்த பெர்மெத்தின் கைகள் மட்டும் கணக்கில் வரவில்லை. அவளை யார் கணக்கில் சேர்த்தார்கள், அன்றுவரை?

திரையில் தோகோன் தோன்றினார். வெண்தாடி, தலையில் கம்பளித் தொப்பி, முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள். "என் அண்ணன் பிள்ளைகளே" என்று தொடங்கினார். "ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே வாய்க்கால்ல தண்ணி குடிச்சவங்க. கோபம் வர்றது மழை மாதிரி. தேங்கி நின்னா நாறும். உங்க கால்நடை பெருகட்டும். உங்க பிள்ளைங்க..."

எசென்குல் திரையை நோக்கிச் சற்றுச் சாய்ந்தார். சபார் இமைகளைக் கொட்டினான். அந்த நேரத்தில், பெரியவரின் வாய் திறந்தபடியே இருக்க, திரை பளிச்சென்று மாறியது.

"எந்தக் கறையும் இனி உங்கள் சட்டையில் தங்காது" என்றாள் ஒரு பெண், நுரைக்கு நடுவிலிருந்து.

யாரும் அசையவில்லை. சோப்புத் தூள் முடிந்தது. பெருமூச்சு விட்டோம். பெரியவர் வரவில்லை. இறுக்கமான கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஓர் இளைஞன் வந்து நாற்காலியில் அமர்ந்து, எங்களை நோக்கி விரல் நீட்டினான்.

"நண்பா, நீ ஏன் இன்னும் தோத்துக்கிட்டே இருக்க?"

திரையின் மூலையில் சிறு பெட்டி ஒன்று மின்னியது: விளம்பரத்தைத் தவிர். ஒரு விரல் போதும். பன்னிரண்டு மனிதருக்கும் சேர்த்து நூற்றிருபது விரல்கள். ஒன்றுக்கும் விடுதலை இல்லை.

"தானா போயிடும்" என்றார் கல்மாத்.

அவன் போகவில்லை. வெற்றியின் ஏழு வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகாட்டப் போவதாக அறிவித்தான். முதல் வாசலுக்கே நெடுநேரம் பிடித்தது. எங்கள் தோள்கள் எரியத் தொடங்கின.

எனக்குப் பக்கத்தில் இருந்த வேன் ஓட்டி தூய்ஷோன் மெல்லத் தன் காலை நீட்டினான். சாக்ஸ் அணிந்த பெருவிரல் ரிமோட்டை நோக்கி ஊர்ந்தது.

"காலை மடக்குடா" என்று உறுமினார் கல்மாத். "ரொட்டி இருக்கற இடத்துல காலை நீட்டறியே. உன் அப்பன் ஆட்டுத் தொழுவத்துலயா உன்னை வளர்த்தான்?"

"கையும் கூடாது காலும் கூடாதுன்னா வேற எதை நீட்டறது பெரியவரே?"

"நாக்கை நீட்டாம இரு, அது போதும்."

எண்ணிப் பாருங்கள். மரபு ஆண்களின் கைகளைக் கட்டியது. ரொட்டியின் புனிதம் கால்களைக் கட்டியது. மூத்தோர் முன்னால் குறுக்கே நடக்கலாகாது என்ற கட்டளை, கைகளும் கால்களும் கட்டுப்படாத ஒரே பெண்ணை வாசலோடு சேர்த்துக் கட்டியது. எங்கோ முகம் தெரியாத ஒரு வணிகனின் நாக்கை மட்டும் எவரும் கட்டவில்லை. அது சபாரின் வீட்டுக் கூடத்தில் அவிழ்த்துவிட்ட குதிரையாக ஓடியது.

இளைஞன் மூன்றாம் வாசலுக்கு வந்திருந்தான். "உன் வெற்றிக்குத் தடை யார் தெரியுமா? உன் சொந்தக்காரங்க. உன் கூடப் பொறந்தவங்க. அவங்களை விட்டு இன்னைக்கே விலகு. நீ சிங்கம். சிங்கம் தனியாத்தான் வாழும்."

எசென்குலின் முகம் சிவந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. பேச்சு நின்ற பிறகு முதல்முறையாகத் தம்பியை நேராகப் பார்த்தார்.

"இவனை யாரு கூப்பிட்டது? உன் ஆளா?"

"என் வீட்டு டிவில வந்தா என் ஆளா? அப்ப சோப்புக்காரி யாரு, என் அத்தையா?"

"சிங்கமாம். குடும்பமா வாழற மிருகம் அது. இவன் ஆட்டைக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

"பாத்திருந்தா ஆடே இவனை முட்டியிருக்கும்."

நாய்களின் துணையில்லாமல் நடந்த முதல் உரையாடல் அது. அதை இருவரும் உணரவில்லை. உணர்ந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

சபார் கல்மாத்தைப் பார்த்தான். "கை இறங்கக் கூடாது, சரி. தலை இறங்கலாமா?"

கல்மாத் சற்று யோசித்தார். "தலையைப் பத்தி வழக்கம் ஒண்ணும் சொல்லல."

சபார் கைகளை உயர்த்தியபடியே முன்னால் குனிந்து, தாடையால் ரிமோட்டை அமுக்கப் போனான். தம்பிக்குப் புகழ் போவதா? எசென்குலும் அதே கணத்தில் குனிந்தார். ரொட்டிக்கு மேலே இரண்டு தலைகளும் மோதிய சத்தம் வாசல்வரை கேட்டது. எவருடைய தாடை எந்தப் பொத்தானை அழுத்தியதோ, இளைஞனின் குரல் இருமடங்காகி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நீ சிங்கம்" என்று வீடே முழங்கியது. எசென்குலின் வெள்ளைக் கம்பளித் தொப்பி கழன்று கவிழ்ந்தது.

சபார் நெற்றி வீங்க நிமிர்ந்தான். "அண்ணே, தொப்பி ஜாம்ல கிடக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் எசென்குல். ஆனால் அண்ணே என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பியின் வீங்கிய நெற்றியை ஒருமுறை பார்த்தார்.

அப்போதுதான் பெர்மெத் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். வாசலிலிருந்து நடந்தாள். பெரியவர்களின் பின்புறமாக அல்ல; எங்கள் மூக்குகளுக்கு முன்னால், விரிப்பின் ஓரமாக, நிமிர்ந்து நடந்தாள். ரிமோட்டை அவள் தொடவேயில்லை. சுவரோரம் குனிந்து டிவியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். ஐந்தாம் வாசலில் ஒரு காலை வைத்திருந்த சிங்கம் அந்தக் காலோடு மறைந்தது.

"மருமகளே" என்றார் கல்மாத், மூச்சடைத்து. "பெரியவங்க குறுக்க நடந்தது ஒண்ணு. ஆசியைப் பாதியில அறுத்தது இன்னொண்ணு."

"நான் அறுக்கல. அறுத்தவன் கோட்டுப் போட்டிருந்தான். அவன் குறுக்க வந்தப்ப யாரும் வழக்கம் பேசல" என்றாள் அவள். "என் மரம் காயுது. பெட்டிக்குள்ள இருக்கறவர் சொன்னாத்தான் மதகு திறக்குமா? அவருக்கு அடுத்து இந்தக் குடும்பத்துல மூத்தவர் இங்கயே உக்காந்திருக்கார். மீதியை அவர் சொல்லட்டும்."

எல்லாக் கண்களும் தொப்பியில்லாத எசென்குலின் வழுக்கைத் தலையில் நிலைத்தன. அவருக்கு இரண்டே வழி: கைகளை இறக்கிவிட்டு எழுந்து போகலாம்; அல்லது வாயைத் திறக்கலாம். கறுத்த திரையைப் பார்த்தார். அதில் அவரும் தம்பியும் ஒரே மாதிரிக் கைகளை ஏந்தியபடி மங்கலாகத் தெரிந்தார்கள்.

தொண்டையைக் கனைத்தார். "கால்நடை பெருகட்டும்னு பெரியவர் சொல்லிட்டார். அது ஆச்சு. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். தண்ணி ரெண்டு பக்கமும் போகட்டும். பூட்டுச் சாவி என் கோட்டுப் பையில இருக்கு, அது இனிமே இந்த வீட்டு மருமகள் கிட்ட இருக்கட்டும். அடுத்தவன் முறை நாள்ல மதகைத் திறக்கற புத்தி சில பேருக்கு வராம இருக்கட்டும்."

"இது ஆசியா, குற்றப்பத்திரிகையா?" என்றான் சபார்.

"நல்ல வார்த்தை சொல்றப்ப விளம்பரம் மாதிரி நடுவுல வராதே. எங்க விட்டேன்? ஆங். கூடப் பொறந்தவனை விட்டு விலகச் சொல்ற கழுத்துப்பட்டைக்காரன் எவனும் நம்ம வீட்டுக்குள்ள நுழையாம இருக்கட்டும். ஓமீன்."

"ஓமீன்" என்றோம். மரத்துப்போன இருபத்து நான்கு கைகள் முகங்களைத் தடவி இறங்கின. தூய்ஷோன் வலியில் முனகினான். சபார் தொப்பியை ஜாமிலிருந்து எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, அண்ணன் தலையில் வைத்தான். எந்தக் கறையும் தங்காது என்ற நுரைக்காரியின் வாக்கு அன்று பொய்த்தது. அந்தச் சட்டையில் ஜாம் கறை இன்றும் இருக்கிறது.

மாலைக்குள் மதகு திறந்தது. ஆப்ரிகாட் வேர்களைத் தண்ணீர் சுற்றி வந்ததைப் பெர்மெத் செருப்பில்லாமல் சேற்றில் நின்று பார்த்தாள்.

மறுநாள் நான் சபார் வீட்டுக்கு மண்வெட்டி கேட்கப் போனபோது எசென்குல் அங்கே தம்பியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "பெரியவர் மீதி என்னதான் சொன்னார்? போடும்மா, கேப்போம்" என்றார்.

பெர்மெத் என்னைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், தப்ப வழியில்லை என்று கண்டு டிவியைப் போட்டாள். சோப்பும் சிங்கமும் இம்முறை ஒவ்வோர் அழுத்தலில் ஓடிப்போயின. தோகோன் தோன்றினார். "உங்க பிள்ளைங்க..." என்றார். கண்களை மூடினார். பிறகு அவருடைய தாடி மெல்ல மார்பில் இறங்கியது. ஆழ்ந்த, நிம்மதியான குறட்டை ஒன்று கூடத்தை நிறைத்தது.

"மாத்திரை சாப்பிட்டிருந்தார் பெரிய மாமா" என்றாள் பெர்மெத், தரையைப் பார்த்து. "எழுப்பினேன், எழுந்திருக்கல. மறுநாள் வரைக்கும் இருக்க முடியல, வேன் கிளம்பிடுச்சு. தூங்கற இடம் வந்ததும் ரிமோட்டால நிறுத்தி, நெட்டு போயிடுச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன். மாமா அதைப் பிடுங்கி ரொட்டி மேல வச்சுட்டார்."

எசென்குல் திரையிலிருந்து மருமகள் பக்கம் திரும்பினார். மதகுச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அவர் கை அதை நோக்கி எழுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் முற்றத்தில் கல்மாத்தின் கைத்தடிச் சத்தம் கேட்டது. "பெரியவர் ஆசி ஓடுதா? நானும் மீதியைக் கேக்கணும்" என்றபடி அவர் செருப்பைக் கழற்றினார். திரையில் பெரியவரின் குறட்டை அறுந்தது. கழுத்துப்பட்டை இளைஞன் மீண்டும் வந்து அமர்ந்து, "நண்பா" என்றான்.

பெர்மெத்தின் விரல் பொத்தானுக்குப் பாய்ந்தது. எசென்குல் அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கித் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"விடு மருமகளே. ஏழு வாசலையும் திறந்து காட்டட்டும். கல்மாத் மூணாவதுக்கு மேல உக்கார மாட்டார்."