நாய் என்றால் ஐயா

வெளிநாட்டு ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இஸ்திரி போட்டவன் நான். நான் தேய்த்த விரிப்புகளை ஒட்டித் தைத்தால் நிலாவுக்கே உறை போடலாம். மிச்சத் துணியில் எனக்கொரு சட்டையும் தேறும்.

அங்கே ஒரு மேனேஜர். நாங்கள் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறோமாம். பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அவசரம் என்றால் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். மடிப்பு மேசையில் வேலை பார்த்த என் மனைவி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "அப்புறம்" என்றார். நான்காம் முறை அவள் கேட்கவில்லை. முகத்துக்கு நேரே, "நாய்!" என்றாள்.

எல்லோரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இடம் அது. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'நாய்'. சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரென்று கேட்காதீர்கள். வாசலில் படுத்திருந்ததைக் காட்டிக் கேட்டார், சொன்னேன்.

மறுநாள் காலை முதலாளியம்மா அறையில் விசாரணை. வேலை போவது நிச்சயம் என்றார்கள். கதவருகில் மனைவியின் காதைக் கடித்தேன்.

"நம்ம ஸ்டீம் மிஷின் அக்கா தாய்லாந்துதானே? அவங்க பாஷைல நாய்னா ஐயா, எஜமான். மரியாதையாக் கூப்பிட்டேன்னு சொல்லிடு. வேன் டிரைவருக்கு அரபு. அவருக்கு நாய்னா புல்லாங்குழல். எதையாவது பிடிச்சுக்கோ!"

"ஏங்க, நீங்க இஸ்திரிக்காரரா, வக்கீலா? சும்மா வாங்க."

சும்மா இருக்கிற வாயா இது? சாட்சிகளை நானே அழைத்தேன். தன் நாட்டில் ஆண்களின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்தான் வரும் என்றார் அக்கா. டிரைவர் இல்லாத குழலை உதட்டில் வைத்து ஊதியே காட்டினார். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத மூன்று மொழிகள்! முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம், ஐயான்னுதான் சொன்னேன்" என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லம்மா. தமிழ்லதான் சொன்னேன்."

நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா தப்புதான். எந்த நாய் கக்கூஸைப் பூட்டிச் சாவிய வெச்சிருக்கு? மன்னிப்புக் கேக்கணும்னா அந்த வாசல் நாய்கிட்டதான் கேக்கணும்."

அறை சிரித்த சிரிப்பில் எட்டாவது மாடிக் கண்ணாடி விரிசல் விட்டது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், மாற்றியிருப்பார்கள்.

மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'அந்தச் சொல்லை இனி எந்த மொழியிலும் சொல்ல மாட்டேன்.' கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு.

அக்கா பதறினார். "எந்த மொழியிலயும்னா? எங்க வீட்டுக்காரருக்கு நான் எப்படிக் கடிதாசி போடுவேன்?"

என் மனைவி பேனாவை வாங்கி, அந்த வரியின் கீழே பெரிதாக எழுதினாள்: 'பூட்டைக் கழற்றும்வரை சொல்வேன்.' கையெழுத்தும் போட்டாள். அடுத்து அக்கா, பிறகு டிரைவர், கடைசியில் நான்.

முதலாளியம்மா படித்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"பூட்டைக் கழட்டிக் கொண்டாங்க."

"இப்பவேவா?"

"சீக்கிரம். அந்தம்மா இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.