லேசான காய்ச்சல்

தொலைபேசி அடித்தபோது எமிலியானா இறந்துபோன அண்ணனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு பாதியில் நின்றது. அந்த நேரத்தில் யார் அழைப்பார்கள் என்று அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் தெரியும்.

கிளறா. கட்டிலில் கிடக்கும் அகஸ்ரினின் மனைவி; எமிலியானாவுக்கு மச்சாள். அவள் நோர்வேயின் வடக்குக் கரையோரம் போகிற ஒரு சுற்றுலாக் கப்பலில் இருந்தாள். பலேர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் அவள் பராமரிக்கிற சின்னோராவுக்கு, அந்த இத்தாலிய வீட்டுக்கார அம்மாவுக்கு, எண்பத்திரண்டு வயது. கண் மூடுவதற்குள் அந்த மலைகளைப் பார்த்தே தீருவேன் என்று கிழவி பிடித்த பிடியில் நின்றாள். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும். கிளறா தயங்கியபோது அகஸ்ரின்தான் துரத்தாத குறையாக அனுப்பினான். "போய்ப் பாத்திட்டு வா. மன்னாரிலை ஆர் உந்த மலையளைக் கண்டிருக்கினம்? வந்து எனக்குச் சொல்லு" என்றான். இன்று சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் துறைமுக வேலைக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. வைத்தியர் வந்தார், தாளில் கையெழுத்து வைத்தார், போய்விட்டார். அகஸ்ரினுக்கு நாற்பத்தேழு வயது.

"சொல்லிப்போடாதேங்கோ" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். கோயில் சங்கத் தலைவர்; பல்லாறோ சந்தையைச் சுற்றியிருக்கிற தமிழர் வீடுகளில் நல்லது கெட்டது எதுவும் அவரைக் கேட்காமல் நடப்பதில்லை. "தனிய நிக்கிற மனிசி. சுத்திவரக் கடல். குதிச்சிட்டால் ஆர் பொறுப்பு? லேசான காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ. வந்த பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சாவுச் செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. முதலில் சுகமில்லை, பிறகு கொஞ்சம் கடுமை. ஆள் மண்ணுக்குள் போன பிறகுதான் உண்மை வரும். அதற்கு அன்பு என்று பெயர். அந்த அன்பு எப்படியிருக்கும் என்று எமிலியானாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. ஒன்பது நாள் முழங்காலில் நின்று, சுகம் கேட்டுச் செபமாலை சொன்னாள். அம்மாவை முதல் நாளே புதைத்திருந்தார்கள். இனி எவருக்கும் இப்படிச் செய்யக்கூடாது என்று அன்றைக்கு வீடு அதிரக் கத்தியவள் அவள்தான்.

எடுத்தாள்.

"மச்சாள்! கேக்குதோ? ரெண்டு பக்கமும் கறுத்த மலை, நேரா கடலுக்குள்ளை இறங்குது. ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை. ராத்திரிப் பன்ரண்டு மணிக்கும் வெயில் எண்டால் நம்புவியளோ? சின்னோரா பாத்துப்போட்டு அழுதவ." கிளறா மூச்சு வாங்கினாள். "அவரிட்டைக் குடுங்கோ, சொல்லவேணும்."

"அவர் படுத்திருக்கிறார். லேசான காய்ச்சல்."

"காய்ச்சலோ? காய்ச்சலுக்குப் படுக்கிற ஆளில்லையே அவர். எழுப்புங்கோ."

"இப்பதான் மருந்து குடுத்தது. நல்ல நித்திரை."

பக்கத்து வீட்டு அற்புதமலர் கைலேஞ்சித் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தொலைபேசிக்குள் ஏதோ கடற்பறவைகள் கத்துவது கேட்டது.

"எனக்கு மனசு சரியில்லை, மச்சாள். நான் வரட்டோ? இப்ப கப்பல் நிக்கிற இந்த ஊரிலை பிளேன் இருக்காம். பின்னேரம் ஏறினால் நாளைக்கு பலேர்மோவிலை நிப்பன். சின்னோராவைப் பாக்கக் கப்பல்லை ஒரு நேர்ஸ் இருக்கிறா. இதை விட்டால் புதன்கிழமை வரைக்கும் வேறை வழியில்லையாம். நீங்கள் வா எண்டால் வாறன்."

எமிலியானா ஸ்ரனிஸ்லாசைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று உள்ளங்கையை அசைத்தார். வா என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் இவள் குரல் உடையும். உடைந்தால், அங்கே அவள் காலடியில் அந்தக் கறுத்த தண்ணீர். எமிலியானாவுக்குப் பயமாக இருந்தது.

"வேண்டாம். காய்ச்சலுக்கு ஆரும் பாதியிலை இறங்கி வருவினமே? நிண்டு பாத்திட்டு வாங்கோ."

"உண்மையாத்தானே?"

"ஓம்."

"அப்ப சரி. எழும்பினால் சொல்லுங்கோ, எல்லாத்தையும் பாத்து வைக்கிறன் எண்டு."

சவப்பெட்டி செய்கிறவன் மத்தியானம் வந்தான். ஆடி மாத வெயிலில் நாலு மாடி ஏறிய களைப்பு அவன் முகத்தில் இருந்தது. அளவெடுத்துவிட்டு, திங்கட்கிழமை மூன்று மணிக்கு மூடி ஒட்டவேண்டும், இந்தச் சூட்டில் அதற்கு மேல் வைக்க விடமாட்டார்கள் என்றான்.

"அப்ப கிளறா?" என்றாள் அற்புதமலர்.

புதன்கிழமை என்ற சொல் எமிலியானாவின் காதுக்குள் மட்டும் இருந்தது. கப்பலின் நம்பர் வீட்டில் ஒருவரிடமும் இல்லை; அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கால்சாவில் சின்னோராவின் வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் காவலாளி சின்னோராவின் மருமகனுடைய நம்பரைத் தேடிக் கொடுத்தான். மருமகன் கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தான். ஞாயிறு பின்னேரம்தான் கிடைத்தான்.

அவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. கப்பலுக்கு அழைத்து, கணவர் இறந்துவிட்டார், திங்கள் மூன்று மணிக்கு அடக்கம் என்று நேரே சொல்லிவிட்டான். கப்பல் அந்த ஊரைவிட்டு ஒரு நாள் தூரம் போயிருந்தது.

கிளறா கடலில் குதிக்கவில்லை.

திங்கட்கிழமை, ஊருக்கு அனுப்பவென்று வழக்கம்போல வீடியோக்காரன் வந்திருந்தான். வந்திருந்த சனத்தையும் மலர்வளையங்களையும் அவன் எடுத்துக்கொண்டிருக்க, எமிலியானா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "முகத்தை எடுங்கோ. நான் காணும், போதும் எண்டு சொல்லுமட்டும் முகத்தை மட்டும் எடுங்கோ." மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் காத்து நின்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் நேரத்தைப் பார்த்தார்.

வியாழன் மத்தியானம் கிளறா வந்தாள். சனம் மெல்ல மெல்லக் கழன்றுபோய், இரண்டு பேரும் மிஞ்சினார்கள். கிளறா தடித்த கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"நான் போன் எடுக்கேக்கை அவர் உயிரோடை இருந்தவரோ?"

"இல்லை."

"எத்தினை மணி?"

"காலமை ஆறு."

கிளறா விரல் விட்டு எண்ணுவதுபோல் கையைப் பார்த்தாள். "அண்டு பின்னேரம் நானும் சின்னோராவும் மேல்தட்டிலை கேக் சாப்பிட்டனாங்கள். அடுத்த நாளும் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான், மச்சாள்." பிறகு சொன்னாள்: "திங்கட்கிழமை மூண்டு மணிக்குக் கப்பல் மலையளுக்கு நடுவாலை போகுது. எல்லாரும் படமெடுக்கினம். எனக்கு எந்தப் பக்கம் இத்தாலி எண்டு தெரியேல்லை. ஒருத்தரைக் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி நிண்டனான்."

அவள் அடித்தால் நன்றாக இருக்கும் என்று எமிலியானாவுக்கு இருந்தது. கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கத் தயாராக இருந்தாள். கிளறா அடிக்கவில்லை.

"முகத்தைப் பாக்கவேணும்" என்றாள்.

எமிலியானா வீடியோ கசற்றைப் போட்டாள். சனம் வந்தது, மலர்வளையங்கள் வந்தன, பிறகு முகம் வந்தது. "நிப்பாட்டுங்கோ" என்றாள் கிளறா. எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்தாள். நின்ற படம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அது பழைய வீடியோ டெக். ஐந்து நிமிடத்துக்கு மேல் படத்தை நிறுத்தி வைத்திருக்காது. தானாக ஓடத் தொடங்கிவிடும். ஓடினால் அடுத்தது பெட்டியின் மூடி. வலது பக்கத்தில் அதன் விளிம்பு தெரிந்ததும் எமிலியானா பின்னுக்கு ஓட்டி, முகம் வந்த இடத்தில் மறுபடி நிறுத்தினாள். கிளறா திரும்பிப் பார்க்கவில்லை. எமிலியானா விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், அடுத்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்தாள்.