எண்ணெய் வைக்காத தலை

அன்று ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள்: ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி; அவருடைய பையைச் சுமந்து வந்த உதவியாளர் கண்ணாயிரம்; பட்டுப்புடவையில் தலைமையாசிரியை ரேணுகாம்பாள்; நனைந்த புடவையில் அறிவியல் டீச்சர் ராஜமதி; எண்ணெய் வழியும் தலைகளோடு பிள்ளைகள்; எண்ணெய் வைக்காத தலையோடு வேதா. வராத பையன் மண்ணாங்கட்டி. கார்த்திகை தீபத்துக்குச் சில நாள்தான் பாக்கி. அவன் தேரடித் தெருவில் அகல் விற்கப் போய்விட்டான். வந்திருந்தால் எண்ணெய் வைக்காத தலை இரண்டாக இருந்திருக்கும்.

மலை சுற்றும் பாதையை ஒட்டிய அந்த நடுநிலைப்பள்ளி அரசு உதவி பெறுவது. ரேணுகாம்பாளின் மாமனார் தொடங்கியது. அதனால் அவள் அங்கே தலைமையாசிரியை மட்டுமல்ல, முதலாளியும்தான். ராஜமதி அங்கே வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்பதில். திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம். புது மாவட்டம், புது ஆபீஸ், பதவிக்குச் சீக்கிரம் அங்கீகாரம் வந்துவிடும் என்றார்கள். தொண்ணூற்று நான்கு முடியப் போகிறது. வரவில்லை.

"இந்த வாட்டி வர்றவரு நல்லவிதமா எழுதிட்டா ஒம் போஸ்ட்டு நிக்கும்" என்று ரேணுகாம்பாள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "எழுதலன்னா எடுத்துடுவாங்க. நான் இன்னா பண்ண முடியும், நீயே சொல்லு."

போஸ்ட் போனால் ராஜமதி வந்தவாசிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். புருஷன் விட்டுப் போனபோது ஒரு தடவை அங்கே போய் இருந்து பார்த்திருக்கிறாள். அண்ணி வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற, ஊரார் நைனார் என்று சொல்லும் ஜைனக் குடும்பம் அது. ராஜமதி கொல்லையிலிருந்து வந்து பார்க்கும்போது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். பொழுது சாய்ந்தபின் எப்படிச் சாப்பிடுவது? மறுபடி அந்த வீட்டுக்குப் போவதைவிட மலையைச் சுற்றிக்கொண்டே இருந்துவிடலாம் என்று அவள் நினைத்ததுண்டு.

ஆய்வு நாளுக்கு விழுந்த பாடம் நிலைமின்சாரம். மாசியில் வந்திருந்தால் கவலையே இல்லை. கார்த்திகையில் காற்றெல்லாம் ஈரம். தேய்த்து ஏற்றுகிற மின்சாரம் ஏற ஏற ஈரக்காற்றில் இறங்கிவிடும். முதல் தடவை வகுப்பில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு மேலே காட்டியபோது ஒரு துண்டுகூட அசையவில்லை. ராஜமதி விடவில்லை. மறுநாள் துண்டுகளை இஸ்திரிக்காரரிடம் கொடுத்துச் சூடுபண்ணி, இறுக்கமான மூடி போட்ட பிஸ்கட் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தாள். சீப்பும் பலூனும் அதே டப்பாவுக்குள். சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளை இரண்டு இலைகளாக வெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கம்பியில் தொங்கவிட்டாள். மின்னூட்டம் இருந்தால் இலைகள் விரியும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

"சீப்பை யார் தலையில் தேய்க்கலாம்?" என்று கேட்டாள்.

இளவரசன் துள்ளிக்கொண்டு வந்தான். தேய்த்தான், தேய்த்தான், காது சிவக்கத் தேய்த்தான். ஒன்றுமில்லை.

"டீச்சர், அவன் தலையில வடை சுடலாம் டீச்சர். அவ்ளோ எண்ணெ" என்றாள் கவிநிலா. வகுப்பே சிரித்தது.

"சிரிக்காதீங்க. என்ன பார்த்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றாள் ராஜமதி. இது அவள் வகுப்பின் சட்டம். கண்ணால் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். ஏன் என்பது அப்புறம்.

கடைசி பெஞ்சிலிருந்து வேதா எழுந்தாள். "இளவரசன் தலையில எண்ணெ இருந்துது. சீப்புல எண்ணெ ஒட்டிச்சு. காகிதம் வரல டீச்சர்."

"அவ்வளவுதான். எண்ணெய் இருந்தா மயிரும் சீப்பும் சரியா உரசாது. ஆய்வு அன்னிக்கு ஒருத்தரும் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. முன்னாடி நாளே சீயக்காய் போட்டுக் குளிச்சு, காயவெச்சு வரணும். புரியுதா?"

புரிந்தது. வீட்டிலும் சொன்னார்கள். சில அம்மாக்கள் பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடமா என்று திட்டினார்கள், ஆனாலும் குளிப்பாட்டி அனுப்பினார்கள்.

ராஜமதி எல்லோரிடமும் சொன்னாள். ரேணுகாம்பாளிடம் மட்டும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அவள் "எதுக்கு?" என்பாள், பிறகு "வேணாம்" என்பாள். சொல்லாமல் செய்துவிட்டால் ஒரே திட்டோடு முடியும். அந்தக் கணக்குத்தான் தப்பிப் போனது.

ஆய்வு நாளன்று காலையிலிருந்தே தூறல். தீபத்துக்கு வந்த கூட்டத்தால் டவுன் பஸ்ஸைச் செங்கம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ராஜமதி பிஸ்கட் டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். டப்பா நனையவில்லை, அவள் நனைந்தாள். பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது அதிகாரியின் ஜீப் அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பே உள்ளே காரியம் நடந்துவிட்டது. தூறலுக்காக வராந்தாவிலேயே பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற ஏழாம் வகுப்பைப் பார்த்து ரேணுகாம்பாள் மூச்சடைத்து நின்றிருக்கிறாள். அத்தனையும் காய்ந்த தலை. பெண்பிள்ளைகளின் மயிர் காற்றில் பறக்கிறது.

"இன்னாடி இது! எழவு வூட்டுக்கு வந்தாப்ல நிக்கறீங்க? நல்ல நாளும் அதுவுமா எண்ணெ வெக்காத தலையோட ஆபீசரு முன்னாடி நிப்பீங்களா? ஊரு என்னாத்துக்கு ஆவும்?"

டீச்சர் சொன்னாங்க என்று யாரோ முனகினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பள்ளியின் பின்பக்கத்தை ஒட்டிய தன் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டில் வரவழைத்தாள். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தலையாகத் தானே உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, படிய வாரிவிட்டாள். அவளை அதுவரை அத்தனை பாசமாகப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

ராஜமதி வகுப்புக்குள் நுழைந்ததும் அந்தப் பளபளப்பைப் பார்த்தாள்.

"நானே ஒக்காந்து தடவுனேன் சார்" என்று ரேணுகாம்பாள் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "புள்ளைங்க நமக்குப் புள்ளைங்க மாதிரிதானே."

அதிகாரி பாடக்குறிப்பைப் பார்த்தார். "நிலைமின்சாரமா? நல்லது. வாயால சொல்லாதீங்கம்மா. செஞ்சு காட்டுங்க."

இளவரசன் தேய்த்தான். காகிதம் கிடந்தது கிடந்தபடி. கவிநிலா தேய்த்தாள். ஜிகினா இலைகள் ஒட்டிக்கொண்டு தொங்கின. பலூனை ஒருவன் தலையில் உரசிச் சுவரில் வைத்தான். அது எண்ணெய்க் கோடு இழுத்துக்கொண்டு வழுக்கிக் கீழே வந்தது. ராஜமதி சீப்பைத் தன் புடவையில் தேய்த்துப் பார்த்தாள். புடவை பிழிந்தால் சொட்டும் ஈரம். தன் தலையைப் பற்றி அவள் யோசிக்கவே வேண்டியதில்லை, அதுவும் நனைந்திருந்தது.

"என் தலையில தேய்க்கலாம்னு பாக்காதீங்கம்மா, அங்க வெளைச்சலே இல்ல" என்றார் அதிகாரி, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு. பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாயிரம் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவை மூடித் திறந்தார். ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ராஜமதி கடைசி பெஞ்சைப் பார்த்தாள். ஒரு தலை மட்டும் மினுங்கவில்லை. வேதாவின் இரண்டு பின்னல்களையும் மீறி நெற்றியோரம் மயிர் சிலும்பி நின்றது.

ஏன் என்று அவள் அந்தக் கணத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. "வேதா, வா" என்றாள்.

டப்பாவிலிருந்து புதுச் சீப்பை எடுத்தாள். வேதாவின் பின்னலை அவிழ்த்து வேகமாக வாரினாள். சடசடவென்று சத்தம் கேட்டது. சீப்பைத் தூக்க, மயிரும் கூடவே எழுந்து வந்தது. காகிதத் துண்டுகள் குதித்து ஒட்டின. பாட்டிலுக்குள் ஜிகினா இலைகள் விரிந்து நின்றன. புதுப் பலூன் ஒன்றைத் தேய்த்துச் சுவரில் வைத்தாள். ஆணி அடித்ததுபோல நின்றது. பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். அதிகாரியே கை தட்டினார்.

பிறகு அவர் கேட்டார். கேட்டது சரியான கேள்வி. "இவ்ளோ பேருக்கு வரல. இந்தப் பொண்ணுக்கு மட்டும் வருது. ஏன்?"

"அவ தலையில எண்ணெ இல்ல சார்!" என்று வகுப்பே கத்தியது.

"சரி. எல்லாருக்கும் பெரிய டீச்சர் வெச்சுவிட்டாங்களாமே. ஒனக்கு ஏம்மா இல்ல?"

வேதா ராஜமதியைப் பார்த்தாள். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"வரிசையில நின்னேன் சார். எம் முறை வந்துச்சு. பெரிய டீச்சர் பாட்டில மூடிட்டாங்க. என்னை ஓரமாப் போவச் சொன்னாங்க. எனக்குப் பின்னாடி புகழேந்தி நின்னான். அவனுக்கு மறுபடியும் தொறந்தாங்க."

குறையோ கோபமோ அவள் குரலில் இல்லை. காகிதம் வரவில்லை என்று சொன்ன அதே குரல். 'ஏன்' என்று அவள் சொல்லவில்லை. அந்த வகுப்பில் அது தெரியாதவர்கள் யாருமில்லை. மண்ணாங்கட்டியைப் போல அவளும் காலனிப் பிள்ளை. ரேணுகாம்பாளின் கை அந்தத் தலையைத் தொடாது.

ரேணுகாம்பாளின் முகம் இறுகியது. அவளுடைய உள்ளங்கைகள் இன்னும் எண்ணெயில் பளபளத்தன. அதிகாரி அவற்றைப் பார்த்தார். பிறகு ராஜமதியைப் பார்த்தார்.

"அப்படியாம்மா?"

நான் அப்போது இங்கே இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. யாரையும் குற்றம் சொல்லாத உண்மைகூட. ஆனால் வேதா சொன்னதை மறுக்காமல் விட்டால் ரேணுகாம்பாள் அவளை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் ராஜமதியின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"நான்தான் சார் சொல்லிவெச்சேன்" என்றாள். குரல் தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "ஒரு தலைக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம்னு பெரிய டீச்சர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். எண்ணெய் இருந்தா என்ன ஆகும், இல்லன்னா என்ன ஆகும்னு பிள்ளைங்க ஒப்பிட்டுப் பாக்கணும் இல்லையா. அதனாலதான் முதல்ல வராததையும் காட்டினேன்."

"அடடே!" என்றார் அதிகாரி. "கண்ட்ரோல் வெச்சுப் பண்ணியிருக்கீங்க. காலேஜ்லயே இதெல்லாம் பண்றதில்லம்மா."

அவருக்குப் புரியாமல் இல்லை. ஒரு நொடி அவர் கண் வேதாவின் மேல் நின்றது. ஆனால் ரேணுகாம்பாள் வீட்டில் இலை போட்டாகிவிட்டது. மழையும் வலுத்துக்கொண்டிருந்தது. புரிந்ததை எழுதினால் விசாரணை, அறிக்கை, மறுபடி இதே பாதையில் ஜீப். புரியாத மாதிரி எழுதுவது சுலபம். ஒப்பீட்டு முறையில் மிகச் சிறப்பான செயல்வழிப் பாடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒனக்கு விவரம் தெரியலம்மா" என்று வேதாவின் பக்கம் சொன்னார். "டீச்சர் ஒன்ன வெச்சுத்தான் சோதனையே பண்ணியிருக்காங்க."

வேதா அவிழ்ந்த பின்னலோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு ரேணுகாம்பாள் வராந்தாவுக்கு வந்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள்.

"எறும்ப மிதிக்காம நடக்கற நைனாரு வூட்டுப் பொண்ணு. இவ்ளோ சாமர்த்தியம் கீதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" ராஜமதியின் தோளைத் தட்டினாள். "ஒம் போஸ்ட்டப் பத்திக் கவலப்படாத. அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

"சரிங்க டீச்சர்."

"இன்னொண்ணு. அந்தப் பொண்ணோட அப்பன நாளைக்கு வரச் சொல்லு. டி.சி. குடுத்துடலாம். இன்னைக்கு இவருகிட்ட சொன்னது, நாளைக்கு வேற எவன்கிட்டயாவது சொல்லும். நான் சொன்னா வேற மாதிரி ஆவும். நீயே சொல்லிடு, ஒம் பேச்சுன்னா கேக்கும்." சாவியைக் கையில் கொடுத்தாள். "கம்பிக் கதவப் பூட்டிட்டு வா. மழைக்கு ஜனங்க உள்ள பூந்துடும். வூட்ல கேசரி கீது, சாப்ட்டுப் போலாம்."

வேதா போயிருக்கவில்லை. வகுப்பு வாசலில் புத்தகப் பையோடு நின்றிருந்தாள். அவள் எதுவரை கேட்டாள் என்று ராஜமதிக்குத் தெரியவில்லை.

"டீச்சர்."

"என்ன?"

"பெரிய டீச்சர்கிட்ட எப்ப சொன்னீங்க? எண்ணெ வெக்கறப்ப நீங்க வரவே இல்ல."

"நேத்தே சொன்னேன்."

வேதா யோசித்தாள். வகுப்பில் கணக்குக்கு விடை தேடும்போது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படி.

"நேத்தே சொல்லியிருந்தா, காலைல எங்களப் பாத்து எதுக்கு டீச்சர் எழவு வூடுன்னு திட்டினாங்க? எண்ணெ வெக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னதே அவங்களுக்குத் தெரியலயே."

ஐந்து வருஷத்தில் அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ராஜமதியிடம் இவ்வளவு சரியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்படிக் கேட்பதற்குத்தான் அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"அதிகப்பிரசங்கித்தனமாப் பேசாத" என்றாள். "நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வா."

"எதுக்கு டீச்சர்?"

"டவுன்ல பெரிய ஸ்கூல் இருக்கு. அங்க சோதனை பண்றதுக்குன்னே தனி ரூம் இருக்கும். நல்லாப் படிக்கலாம்."

"பஸ்ல போவணும் டீச்சர். அப்பா அனுப்பாது. ஸ்கூலே வேணாம்னுடும்."

வெளியே மலை சுற்றுகிறவர்கள் தலையில் பிளாஸ்டிக் பைகளைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மழைக்கு ஒதுங்க வராந்தாவின் பக்கம் திரும்பினார்கள்.

"மழை ஜாஸ்தியாவுது. கெளம்பு."

வேதா இன்னும் கொஞ்சம் நின்றாள். ராஜமதி ஏதாவது சொல்வாள் என்று நின்றாளோ, மழைக்காக நின்றாளோ. பிறகு பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

ராஜமதி கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டைப் போட்டுப் பூட்டினாள்.